தொக்கி நிற்பவை: ஒரு மோட்டார் சைக்கிளை வாசித்தல்

1

அமெரிக்க மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் நண்பர்கள் சிரித்தார்கள். 'உனக்கு சைக்கிளே ஒழுங்கா ஓட்டத் தெரியாதே' என்றார் ஒருவர். உண்மைதான். நான் படித்தது தமிழ் இலக்கியம். இயந்திரத்தோடு எனக்குள்ள உறவு டவுன் பஸ்ஸில் எஞ்சின் பெட்டிமேல் உட்கார்ந்து போனதோடு சரி. ஆனால் 1957இல் வந்த தன் கட்டுரை நூலில் ரொலான் பார்த் ஒரு சித்ரோயன் காரைப் பற்றி எழுதியிருக்கிறார். அதற்கு அவர் மெக்கானிக்காக இருக்க வேண்டியிருக்கவில்லை. பண்டமும் ஒரு பிரதிதான். அதற்கும் ஒரு இலக்கணம் இருக்கிறது, சில மௌனங்கள் இருக்கின்றன.

என் முன்னால் இரண்டு படங்கள். ஒன்று 'இன்டியன்' என்ற அமெரிக்க நிறுவனத்தின் 'ஸ்கவுட் பாப்பர்'. 2017இல் அறிமுகமானது. இன்னொன்று ஹார்லி டேவிட்சனின் 'ஸ்ட்ரீட் பாப்', 2018 மாடல். இரண்டும் க்ரூசர் வகை: நீளமும் தாழ்வுமான வண்டி, நெடுஞ்சாலையில் அவசரமில்லாமல் போவதற்கானது. ஆனால் வழக்கமான க்ரூசரில் இருக்கும் பெட்டிகள், காற்றுத் தடுப்புக் கண்ணாடி, பளபளக்கும் குரோமியம் எதுவும் இவற்றில் இல்லை. மட்கார்டுகள் பாதியில் வெட்டப்பட்டிருக்கின்றன. பெரும்பகுதி கறுப்பு. ஒரே ஒரு ஆள் உட்காரும் சீட். ஸ்கவுட் பாப்பரில் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடிகளைக்கூட ஹேண்டில்பாரின் நுனியில், கீழ்ப்பக்கமாகத் தொங்கவிட்டு, கண்ணுக்கு உறுத்தாமல் செய்திருக்கிறார்கள்.

இத்தகைய வண்டிகளை விற்கும் மொழி எங்கும் ஒன்றாகவே இருக்கிறது. மிகை இல்லை, அலங்காரம் இல்லை, சாரம் மட்டும். இந்தச் சொற்களை எங்கோ கேட்டிருக்கிறேனே என்று இருந்தது. யோசித்தபோது பிடிபட்டது. நானே எழுதியவை. கவிதைத் தொகுப்புகளுக்கு மதிப்புரை எழுதும்போது 'கச்சிதம்', 'இறுக்கம்', 'ஒரு சொல்கூட மிகையில்லை' என்றெல்லாம் எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! மோட்டார் சைக்கிள் விற்கிறவனும் நானும் ஒரே சொற்களை வைத்துப் பிழைக்கிறோமா என்ற சங்கடத்திலிருந்துதான் இந்தக் கட்டுரை.

2

'பாப்' என்றால் வாலைக் கத்தரிப்பது. குதிரையின் வாலைக் கத்தரிப்பதற்கு வழங்கிய சொல் பிறகு பெண்களின் குட்டை முடிக்கும், பிறகு மோட்டார் சைக்கிளின் மட்கார்டுக்கும் வந்தது. 1930களில் அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் 'கிளாஸ் சி' என்ற பந்தய வகையைக் கொண்டுவந்தது. கடையில் விற்கும் வண்டியையே கொஞ்சம் மாற்றிப் பந்தயத்தில் ஓட்டலாம். பந்தயத்துக்கென்று தனி வண்டி வாங்க வசதியில்லாதவர்களும் இதனால் உள்ளே வர முடிந்தது. முன் மட்கார்டைக் கழற்றினார்கள், பின் மட்கார்டை அறுத்தார்கள், எடையாக இருந்த எல்லாவற்றையும் பிடுங்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்காக ஹார்லி நிறுவனம் சுமார் 90,000 டபிள்யூ.எல்.ஏ. வண்டிகளைச் செய்தது. போர் முடிந்ததும் மிஞ்சியவை மலிவாக விற்பனைக்கு வந்தன. ஊர் திரும்பிய சிப்பாய்கள் அவற்றை வாங்கி வீட்டுக் கொட்டகையில் ரம்பத்தோடு உட்கார்ந்தார்கள்.

இந்த இடத்தை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இங்கே கழித்தல் என்பது ஒரு வினை. அதற்கு ஒரு எழுவாய் இருந்தது, ஒரு கை இருந்தது, ஒரு காரணமும் இருந்தது. எதை எடுத்தால் வண்டி ஓடும், எதை எடுத்தால் ஓடாது என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. ஆலை தந்த பிரதியை வாசகன் திருத்தி எழுதினான் என்றும் சொல்லலாம்.

நிறுவனம் முதலில் இதை ரசிக்கவில்லை. அது விற்க விரும்பியது பெட்டியும் கண்ணாடியும் வைத்த முழு அலங்கார வண்டியை. 1947 ஜூலையில் கலிஃபோர்னியாவின் ஹாலிஸ்டர் என்ற சிற்றூரில் பந்தயத்துக்குக் கூடியவர்கள் குடித்துக் கூச்சலிட்டதை 'லைஃப்' பத்திரிகை ஒரு படத்தோடு வெளியிட்டது: காலி பாட்டில்களுக்கு நடுவே வண்டிமேல் சாய்ந்து கிடக்கும் ஒருவன். அந்தப் பாட்டில்கள் படத்துக்காகவே அடுக்கப்பட்டவை என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை. அதன்பின் மட்கார்டு இல்லாத வண்டி என்றால் ரவுடி என்று ஆயிற்று. 1953இல் மார்லன் பிராண்டோ நடித்து வந்த 'தி வைல்ட் ஒன்' அதை உறுதிப்படுத்தியது. (அதில் பிராண்டோ ஓட்டியது ட்ரையம்ஃப் என்ற பிரிட்டிஷ் வண்டி என்பது யாருக்கும் நினைவில்லை.)

1971இல் நிலைமை திரும்புகிறது. நிறுவனத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவரின் பேரனான வில்லி ஜி. டேவிட்சன், பெரிய வண்டியின் உடலையும் சிறிய வண்டியின் முன்பாகத்தையும் இணைத்து 'சூப்பர் க்ளைட்' என்ற மாடலை வடிவமைத்தார். தெருவில் ஆட்கள் செய்துகொண்டிருந்ததை ஆலையே செய்து விற்றது. அதுவரை வாங்குபவனின் கையில் இருந்த ரம்பம் அன்று இடம் மாறியது.

3

இனிதான் எனக்குச் சுவாரசியமான பகுதி.

1957 வரை ஹார்லியின் பெரிய வண்டிகளில் பின்சக்கரத்துக்கு ஷாக் அப்சார்பர் கிடையாது. சக்கரம் நேராக வண்டியின் எலும்புக்கூட்டோடு பிணைக்கப்பட்டிருக்கும். சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பிரிங் தாங்கியதைத் தவிர, குழியில் விழுந்தால் அதிர்ச்சி முழுக்க முதுகுத்தண்டுக்குத்தான். 1958இல் பின்பக்கமும் ஷாக் அப்சார்பர் வந்தது. முதுகு பிழைத்தது, ஆனால் பழைய வண்டியின் அந்த ஒரே கோடாக இறங்கும் முக்கோண உருவம் போய்விட்டது. 1970களில் பில் டேவிஸ் என்ற பொறியாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஷாக் அப்சார்பரைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒளித்துவைத்து, பின்சக்கரத்தைத் தாங்கும் பகுதியைப் பழைய முக்கோணம் போலவே செய்துவிட்டார். ஹார்லி நிறுவனம் அதை வாங்கியது. 1984 மாடலாக 'சாஃப்டெயில்' வந்தது. கியர் பெட்டிக்கு அடியில், படுக்கைவாட்டில், இரண்டு ஷாக் அப்சார்பர்கள். 2018 மாடல்களில் ஒன்றாக்கி, சீட்டுக்கு அடியில் மறைத்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும் ஸ்ட்ரீட் பாப் இந்த வகைதான்.

எவ்வளவு வேடிக்கை பாருங்கள். 'இல்லை' என்று காட்டுவதற்காக ஒன்றை இருக்கச் செய்து மறைக்கிறார்கள். கஷ்டப்பட்டவனின் உருவம் வேண்டும், கஷ்டம் வேண்டாம். 'எல்லாவற்றையும் கழித்த' இந்த வண்டி ஓட்டுவதற்குத் தயாரான நிலையில் கிட்டத்தட்ட 300 கிலோ எடை. எஞ்சின் 1,746 சி.சி. பெட்ரோல் எவ்வளவு போக வேண்டும் என்பதை ஒரு கணினி தீர்மானிக்கிறது. சாவி நுழைக்காமலே எஞ்சினைக் கிளப்பலாம். வேகம் காட்டும் சின்னத் திரை ஹேண்டில்பாரைப் பிடிக்கும் இரும்புக்குள் புதைந்திருக்கிறது. எதுவும் கழிக்கப்படவில்லை; எல்லாம் மறைந்து நிற்கிறது.

எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு இங்கே ஒரு பழைய பாடம் ஞாபகம் வரும். தொகைநிலைத் தொடர். 'பால் குடித்தான்' என்கிறோம். 'ஐ' என்ற உருபு அங்கே இல்லை, ஆனால் அதன் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதைத்தான் 'தொக்கி நிற்கிறது' என்று வாத்தியார் சொல்லித்தந்தார். தேர்வில் 'விரித்தெழுதுக' என்று கேட்பார்கள்; 'பாலைக் குடித்தான்' என்று எழுதுவோம். சாஃப்டெயில் இரும்பால் செய்த ஒரு தொகை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மொழியில் தொகை நடப்பது பேசுகிறவனும் கேட்கிறவனும் மறைந்ததை அறிந்திருப்பதால். அறிந்த இருவருக்கிடையிலான சிக்கனம் அது. சந்தையில் நடக்கும் தொகையிலோ மறைத்தவனுக்கு மட்டும்தான் விரிக்கத் தெரியும். மற்றவர்களுக்கு அது வெறும் இல்லாமையாக, 'எளிமை'யாகத் தெரிகிறது.

4

வினைத்தொகையில் மறைவது காலம். 'ஊறுகாய்' என்றால் ஊறின காயா, ஊறுகிற காயா, ஊறப்போகும் காயா? மூன்றும்தான்.

2010இல் ஹார்லி 'ஃபார்ட்டி எய்ட்' என்று ஒரு வண்டியைக் கொண்டுவந்து பல வருஷம் விற்றது. 1,200 சி.சி. எஞ்சின், அதன்மேல் வேர்க்கடலை அளவுக்கு ஒரு பெட்ரோல் டேங்க். சுமார் 8 லிட்டர்தான் கொள்ளும். நெடுஞ்சாலை சுதந்திரத்தின் அடையாளமாக விற்கப்படும் வண்டி, 150 கிலோமீட்டர் போனதும் பங்க்கைத் தேட ஆரம்பிக்க வேண்டும். பெயரில் உள்ள 48 என்பது 1948ஆம் வருஷம். 'பீநட்' டேங்க் என்று சொல்லப்படும் அந்தச் சின்ன டேங்க் ஹார்லியில் முதலில் வந்த வருஷம்.

எந்த வண்டியில் வந்தது? அதைத்தான் பெயர் சொல்வதில்லை. அது வந்தது 125 சி.சி. குட்டி வண்டியில். அந்தக் குட்டி வண்டியின் வடிவமைப்பும் அமெரிக்காவுடையது அல்ல. ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. நிறுவனம் செய்த ஆர்.டி.125. போரில் தோற்ற நாட்டிடமிருந்து இழப்பீடாக எடுத்துக்கொண்ட வரைபடம் அது. அமெரிக்காவும் பிரிட்டனும் சோவியத் யூனியனும் ஆளுக்கொரு பிரதி செய்துகொண்டன. ஆக, போர் முடிந்து திரும்பிய அமெரிக்க இளைஞனின் கலகம் என்று 2010இல் விற்கப்பட்டது, போர் இழப்பீடாக வந்த ஜெர்மன் குட்டி வண்டிக்கு வைத்த டேங்க். வருஷத்தின் எண்ணைப் பெயராகவே வைத்தார்கள். ஆனால் காலம் மறைந்துவிட்டது.

இன்னொரு பெயரையும் பார்க்கலாம். 'இன்டியன்' நிறுவனம் 1901இல் மாசசூசெட்ஸின் ஸ்ப்ரிங்ஃபீல்டில் ஆரம்பிக்கப்பட்டது. 1953இல் உற்பத்தி நின்றது. பெயர் மட்டும் பல கைகள் மாறி, 2011இல் போலாரிஸ் நிறுவனத்திடம் போனது. இறகுக் கிரீடம் சூடிய ஒரு தலை அதன் நெடுநாள் சின்னம். 'ஸ்கவுட்', 'சீஃப்' என்று வண்டிகளுக்குப் பெயர். அமெரிக்க ராணுவம் பூர்வகுடிகளில் சிலரையே வேவுக்கும் வழிகாட்டலுக்கும் வேலைக்கு வைத்து 'ஸ்கவுட்' என்று அழைத்தது. யாருடைய நிலம் பறிக்கப்பட்டதோ அவர்கள் பெயரில் நிலத்தைக் கடக்கும் வண்டி! இது அன்மொழித்தொகை மாதிரி. 'பொற்றொடி வந்தாள்' என்றால் வந்தது தொடி அல்ல, தொடரில் பெயரே சொல்லப்படாத ஒருத்தி. இங்கே வெளியே நிற்கிறவர் யார் என்று கேட்கக்கூட யாருமில்லை.

5

இதுவரை சொன்னவை பொருட்கள். இனி மனிதர்கள்.

1969இல் 'ஈஸி ரைடர்' படம் வந்தது. பீட்டர் ஃபோண்டா, டென்னிஸ் ஹாப்பர். அமெரிக்கக் கொடி வரைந்த டேங்க்கோடு, நீட்டி வளர்ந்த முன் ஃபோர்க்கோடு வரும் 'கேப்டன் அமெரிக்கா' வண்டியை, படத்தைப் பார்க்காதவர்கள்கூட ஏதாவது சுவரொட்டியில் பார்த்திருப்பார்கள். பாப்பரின் அடுத்த தலைமுறை இது. 'சாப்பர்': வெட்டப்பட்டது. போலீஸ் பயன்படுத்தித் தள்ளிய ஹார்லிகளை வாங்கி, அறுத்து, வெல்டிங் வைத்துச் செய்தவை. செய்தவர் பென் ஹார்டி, லாஸ் ஏஞ்சலஸில் பட்டறை வைத்திருந்த கறுப்பர். அந்த வேலையை முன்நின்று நடத்தியவர் க்ளிஃப் வாஸ். இவரும் கறுப்பர், குடியுரிமைப் போராட்டத்தில் 'மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழு'வில் புகைப்படக்காரராகவும் செயல்வீரராகவும் இருந்தவர். வடிவத்தில் தனக்கும் பங்கு உண்டு என்று ஃபோண்டா சொல்லியிருக்கிறார்; இருக்கட்டும். ஆனால் படத்தின் பெயர்ப் பட்டியலில் இந்த இரண்டு பேரும் இல்லை. படப்பிடிப்பின் தொடக்கத்திலேயே வாஸ் வெளியேற்றப்பட்டார். பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் இவர்கள் பெயர் வெளியே வந்தது. ஹார்டி 1994இல் இறந்தார், வாஸ் 2016இல். 2014 அக்டோபரில் 'கேப்டன் அமெரிக்கா' என்று சொல்லி ஒரு வண்டி 13.5 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அது அசல்தானா என்பதே சர்ச்சை. அசலைப் பற்றி அவ்வளவு சண்டை போட்டவர்கள் அசலைச் செய்தவனைப் பற்றி இத்தனை வருஷம் ஏன் கேட்கவில்லை?

படத்தையே திரும்ப நினைத்துப் பாருங்கள். இரண்டு வெள்ளை இளைஞர்கள் தென்மாநிலங்கள் வழியாகப் போகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் வெறுக்கிறார்கள், கடைசியில் சுட்டுக் கொல்கிறார்கள். தெற்கில் சாலையில் போனதற்காகவே கொல்லப்படும் அபாயம் உண்மையில் யாருக்கு இருந்தது? அந்தப் பயத்தை அறிந்தவரின் வண்டியை எடுத்துக்கொண்டு, அவரைக் கழித்துவிட்டு, அவரது பயத்தை மட்டும் கதாநாயகனுக்குக் கொடுத்திருக்கிறது படம்.

இது ஒரு தனிச் சம்பவம் இல்லை. பாப்பரைப் பிறப்பித்த பந்தயங்களை நடத்திய அதே சங்கம் நெடுங்காலம் கறுப்பர்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. ஓக்லாந்தில் 1959இல் டோபி ஜீன் லெவிங்ஸ்டன் தொடங்கிய 'ஈஸ்ட் பே டிராகன்ஸ்' என்ற கறுப்பர் சங்கத்தின் ஆட்கள் ஹார்லிகளை வெட்டிச் செதுக்கி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒற்றை சீட் என்றாலே ஆண் என்று நாம் வாசிக்கப் பழகியிருக்கிறோம். பெஸ்ஸி ஸ்ட்ரிங்ஃபீல்ட் என்ற கறுப்பினப் பெண் 1930களிலும் 40களிலும் தனியாளாக அமெரிக்காவைக் குறுக்கே கடந்து ஓட்டியிருக்கிறார். அவரது முதல் வண்டி ஒரு இன்டியன் ஸ்கவுட். விடுதிகளில் இடம் தரமாட்டார்கள் என்பதால் பெட்ரோல் பங்க்கில் வண்டிமேலேயே படுத்துத் தூங்கினார். 1993இல் இறந்தார். 'சாலையில் தன்னந்தனியாக' என்ற படிமம் அவருக்கு ஒரு ஸ்டைல் இல்லை. அறை கிடைக்காததன் விளைவு.

6

கழித்தல் ஆலைக்குள்ளும் நடக்கிறது. 2018 ஜனவரியில், புதிய சாஃப்டெயில்கள் வந்து சில மாதங்களில், கான்சாஸ் சிட்டியில் இருந்த தன் தொழிற்சாலையை மூடப்போவதாக ஹார்லி நிறுவனம் அறிவித்தது. சுமார் 800 பேருக்கு அங்கே வேலை. அடுத்த சில நாட்களிலேயே பங்குதாரர்களுக்கான ஈவுத்தொகையைக் கூட்டியது, சந்தையிலிருந்து 1.5 கோடி பங்குகள்வரை தானே திரும்ப வாங்கிக்கொள்ளவும் முடிவெடுத்தது. 2019இல் ஆலை மூடப்பட்டது. 'தேவையற்றதை நீக்குதல்' என்ற அழகியல், நிர்வாகத்தின் கையில் கிடைக்கும்போது யாரைத் தேவையற்றவர் என்று சொல்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

வாங்குகிறவனுக்கு என்ன மிஞ்சுகிறது? ஸ்கவுட் பாப்பரில் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொள்ள ஆசைப்பட்டால் பின்சீட்டும் கால் வைக்கும் கட்டையும் தனி விலைக்குக் கிடைக்கும். முதலில் இல்லாமையை விற்கிறார்கள், பிறகு இல்லாததை விற்கிறார்கள். 1940களின் சிப்பாய் ரம்பம் வைத்திருந்தான். இவனிடம் இருப்பது உதிரிபாகப் பட்டியல்.

7

'இதெல்லாம் பழைய கதைதானே? கலகத்தை முதலாளியம் செரித்துக்கொள்ளும், டி-ஷர்ட் போட்டு விற்கும். இதுக்கு ஏன் இவ்வளவு நீளம்?' என்று ஒரு தோழர் கேட்டார். எனக்கு அது மட்டும் போதவில்லை. செரித்துக்கொண்டது என்று சொல்லும்போது, முன்னால் ஒரு தூய கலகம் இருந்தது என்று நாமே நம்ப ஆரம்பித்துவிடுகிறோம். இருந்ததா? அந்தக் கொட்டகைகளிலும் யாரோ உள்ளே விடப்படவில்லை. நிறுவனம் கதையைத் திருடியது, சரி. திருடப்பட்ட கதையிலேயே ஏற்கெனவே சில பெயர்கள் அறுக்கப்பட்டிருந்தன என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் விரித்தல் முழுமையாகும். ஒரே தொகையைப் பல விதமாக விரிக்கலாம் என்று நம் இலக்கணக்காரர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எந்த விரியை நாம் முதலில் சொல்கிறோம் என்பதில்தான் அரசியல் இருக்கிறது. விமர்சகனின் வேலை என்று எனக்கு இப்போது தோன்றுவது, அந்தத் தேர்வுத்தாளில் கேட்ட பழைய கேள்விதான்: விரித்தெழுதுக.

முதலில் சொன்ன சங்கடத்துக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன் நண்பர்களோடு நான் நடத்தி, நின்றுபோன ஒரு பத்திரிகைக்கு ஒரு இளைஞர் கவிதை அனுப்பினார். இருபத்தாறு வரி. அவர் தெருவின் பெயர் இருந்தது, அவர் அம்மா பார்த்த வேலை இருந்தது, எந்தக் குழாயில் எத்தனை மணிக்குமேல் அவர்கள் தண்ணீர் பிடிக்கலாம் என்ற விவரம் இருந்தது. நான் உட்கார்ந்து அதைப் பதினொரு வரியாக்கினேன். தெரு போயிற்று, அம்மா போயிற்று, மணி போயிற்று. வெயிலும் காலிக் குடமும் மிஞ்சின. 'என்ன கச்சிதம்' என்று பலர் எழுதினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இரண்டே வரி. 'கவிதை நல்லாருக்கு சார். எங்க தெருவைக் காணோம்.'

அதன்பின் அவர் எதுவும் அனுப்பவில்லை. நான் பதிலும் போடவில்லை. கைப்பிரதி என்னிடம்தான் இருக்கிறது. அந்த இருபத்தாறு வரியையும், அவர் சம்மதித்தால், இந்தப் பக்கங்களிலேயே வெளியிடக் கேட்டிருக்கிறேன். முகவரியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.